துவாரகா மொட்டைமாடியில் உட்கார்வது பாறு கழுகா?

கேள்வி: டெல்லி துவாரகாவில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒன்பதாவது மாடியில் இருக்கிறோம். எங்கள் தண்ணீர்த் தொட்டியின் மேல் தினமும் பெரிய பழுப்பு நிறப் பறவைகள் வந்து உட்காருகின்றன. எதிர் பிளாக்கில் ஒரு ஜோடி கூடும் கட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் அதை ‘கித்’ என்கிறார், அதாவது பிணந்தின்னிக் கழுகு. அசோசியேஷன்காரர்கள் கூட்டைக் கலைக்கப் பார்க்கிறார்கள். என் மகளின் பள்ளிப் புத்தகத்திலோ பிணந்தின்னிக் கழுகு அழிவின் விளிம்பில் இருக்கும் பறவை என்று போட்டிருக்கிறது. 1970களில் மத்திய அரசு வேலைக்காக டெல்லி வந்த என் மாமனார், “அந்தக் காலத்தில் ரோட்டோர மரத்திலெல்லாம் கழுகு உட்கார்ந்திருக்கும், யார் கண்டுகொண்டார்கள்” என்கிறார். எங்கள் மாடியில் இருப்பது அதுதானா? இல்லையென்றால் அவர் பார்த்த பறவைகள் எங்கே போயின? மாட்டுக்குப் போடும் வலி ஊசியால் செத்தன என்று படித்தேன். முழங்கால் வலிக்கு நானும் அதே மருந்தைத்தான் சாப்பிடுகிறேன். அதனாலும் கெடுதலா? மகளின் பள்ளி ப்ராஜெக்டுக்காகவும் கேட்கிறேன்.
— ஒரு வாசகி, துவாரகா, புதுடெல்லி

பதில்: முதலில் கூட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். உங்கள் எதிர் பிளாக்கில் இருப்பது பெரும்பாலும் கரும்பருந்தின் கூடு. இந்திக்காரர்கள் ‘சீல்’ என்பார்கள். பிணந்தின்னிக் கழுகாக இல்லாவிட்டாலும் அதற்கும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவல் உண்டு. முட்டையோ குஞ்சோ இருக்கும் கூட்டைக் கலைப்பது குற்றம். குளிர்காலத்தின் கடைசியில் கட்டத் தொடங்கினால் கோடைக்குள் குஞ்சு பறந்துவிடும். அதுவரை மொட்டைமாடிக்குப் போகிறவர்கள் தலைக்கு மேல் ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு போனால் போதும். குஞ்சு இருக்கும்போது தாய்ப்பறவை பின்பக்கமாக வந்து தலையில் தட்டும். அதற்குப் பயந்துதான் பல குடியிருப்புகளில் கூட்டை இடிக்கச் சொல்கிறார்கள். சில வாரம் பொறுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பருந்தையும் பிணந்தின்னிக் கழுகையும் பிரித்தறிய வாலைப் பாருங்கள். கரும்பருந்தின் வால் நுனி நடுவில் உள்வாங்கி, லேசாகப் பிளந்த மாதிரி இருக்கும். பறக்கும்போது அந்த வாலை இப்படியும் அப்படியும் திருகித் திருகியே திசை மாற்றும். குரல் நடுங்கும் விசில் போல நீளமாக வரும். உணவைக் காலில் பற்றிக்கொண்டு பறந்தபடியே குனிந்து தின்னும். பிணந்தின்னிக் கழுகால் இதில் எதையும் செய்ய முடியாது. அதன் விரல்கள் நடக்கவும், தின்னும்போது சடலத்தின் மேல் ஊன்றி நிற்கவும் ஆனவை. இறுக்கிப் பிடித்துத் தூக்கிப் போகும் வலு அவற்றுக்கு இல்லை. ஆகவே கோழிக்குஞ்சைத் தூக்கிப் போனது, குழந்தையைத் தூக்கப் பார்த்தது என்று அதைப் பற்றிச் சொல்லும் கதைகளை நம்ப வேண்டாம்.

டெல்லி வானத்தில் எப்போது அண்ணாந்தாலும் தெரிவது கரும்பருந்துதான். காஜிப்பூர் குப்பைமேட்டின் மேல் ஆயிரக்கணக்கில் சுற்றுகின்றன. குளிர்காலத்தில் இவற்றோடு மத்திய ஆசியாவிலிருந்து இமயமலையைத் தாண்டி வரும் உறவுக்காரப் பருந்துகளும் சேர்ந்துகொள்ளும். முதுகில் கருவி பொருத்தி அவற்றின் வழியைக்கூட ஆய்வாளர்கள் தடம் பிடித்திருக்கிறார்கள். காத்தாடி மாஞ்சாவில் சிறகு அறுபட்டு விழும் பருந்துகளுக்கு வசீராபாத்தில் சிகிச்சை தரும் சகோதரர்களைப் பற்றி வந்த ‘ஆல் தட் ப்ரீத்ஸ்’ ஆவணப்படத்தை மகளுக்குக் காட்டுங்கள்.

ஆனால் துவாரகாவிலிருந்து கொஞ்சம் வெளியே, நஜஃப்கர் வாய்க்காலோரம், ஏரிப் பக்கம் போனால் உண்மையான பிணந்தின்னிக் கழுகு ஒன்றைப் பார்க்க வாய்ப்பு உண்டு. தமிழில் இந்தப் பறவைகளைப் பாறு என்போம், இனி அப்படியே எழுதுகிறேன். அங்கே தென்படக்கூடியது மஞ்சள்முகப் பாறு. பருந்தைவிடச் சற்றே பெரியது. உடல் அழுக்கு வெள்ளை, முகம் மஞ்சள், பறக்கும்போது சிறகின் பின்விளிம்பு கறுப்பு, வால் ஆப்பு வடிவம். இளம் பறவை முழுக்கப் பழுப்பாக இருப்பதால் பருந்துக் கூட்டத்தில் கலந்து நின்றால் கண்ணுக்குத் தப்பிவிடும். அந்த மஞ்சளுக்குக் காரணம் மாட்டுச் சாணமும் ஆட்டுப் புழுக்கையும் என்று ஸ்பெயினில் கண்டுபிடித்தார்கள். சாணத்தில் இருக்கும் நிறமிகள்தாம் தோலில் ஏறுகின்றன. நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிய பறவையும் இல்லை. திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் குருக்கள் கையால் பிரசாதம் வாங்கித் தின்ற இரண்டு பறவைகள் இவைதாம். 1990களோடு அந்த வருகை நின்றுபோனது. உலக அளவில் இது ‘ஆபத்தில் உள்ள’ இனம். இன்னும் மேலே, அழிவின் கடைசி விளிம்பில் நிற்கும் நான்கு பாறுகள் இந்தியாவில் உண்டு: வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, மெல்லிய அலகுப் பாறு, செம்முகப் பாறு. உங்கள் மாமனார் டெல்லியில் பார்த்தவை பெரும்பாலும் இதில் முதலாவது.

அவர் சொன்னதில் துளியும் மிகையில்லை. கலூஷின் என்ற ரஷ்ய ஆய்வாளர் டெல்லியின் இரைகொல்லிப் பறவைகளை எண்ணி, 1971இல் ‘ஐபிஸ்’ பறவையியல் இதழில் எழுதினார். சுமார் 150 சதுர கிலோமீட்டர் நகரப் பரப்பில் ஏறத்தாழ 2,400 ஜோடிப் பருந்துகளும் 400 ஜோடி வெண்முதுகுப் பாறுகளும் கூடு கட்டியிருந்தன என்பது அவர் கணக்கு. காட்டுக்குள் இல்லை, நாட்டின் தலைநகரத்துக்குள். இவ்வளவு பெரிய பறவை இவ்வளவு நெருக்கமாக மனிதர்களோடு குடியிருந்த நகரம் உலகத்திலேயே அபூர்வம். அப்போது துவாரகா கிடையாது. நீங்கள் இருக்கும் இடமெல்லாம் பப்பன்கலான் சுற்றுவட்டார கிராமங்களின் வயல். அங்கே ஒரு மாடு செத்தால் தோலை உரித்தபின் உடலை ஊருக்கு வெளியே போட்டுவிடுவார்கள். மற்றதைப் பாறுகள் பார்த்துக்கொள்ளும். மிஞ்சிய எலும்பைப் பொறுக்கி உரத்துக்கும் ஜெலட்டினுக்கும் அனுப்பக்கூட ஆட்கள் இருந்தார்கள். அன்று பாறுகளைப் பற்றி அரசுக்கு இருந்த ஒரே கவலை அவை விமானத்தில் மோதுவதுதான். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1980களில் விமான நிலையங்களில் பறவை மோதலை ஆராய்ந்தபோது பாறும் பருந்தும்தான் பெரிய தலைவலியாக இருந்தன. அழியும் என்று அன்று சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

வெண்முதுகுப் பாறைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். படத்தில் பார்த்து ‘அசிங்கமான பறவை’ என்று மகள் முடிவு கட்டிவிடக் கூடாது.

சிறகை விரித்தால் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை இரண்டு மீட்டரைத் தாண்டும். எடை பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு கிலோவுக்குள். வளர்ந்த பறவை கரும்பழுப்பு. உட்கார்ந்திருக்கும்போது கழுத்தடியில் வெள்ளைத் துய்யாலான பட்டை மட்டும் தெரியும். எழும்பும்போதுதான் கீழ்முதுகின் வெள்ளையும் சிறகின் அடிப்பக்க வெள்ளையும் பளிச்சென்று தெரியும். தலையும் கழுத்தும் கிட்டத்தட்ட மொட்டை. அருகில் பார்த்தால் கருந்தோலின் மேல் அங்கங்கே நூல் நூலாய்த் தூவி ஒட்டியிருக்கும். அலகு வெள்ளி பூசின கறுப்பு, நுனி கொக்கியாய் வளைந்தது. நாக்கின் விளிம்பில் பின்னோக்கி வளைந்த முட்கள் உண்டு. வழுக்கும் சதையை உள்ளே இழுத்துக்கொள்ள அவை உதவும். செத்த மாட்டின் வயிற்றுக்குள் தோள் வரை கழுத்தை விட்டுத் தின்னும் பறவைக்குத் தலையில் அடர்ந்த இறகு இருந்தால் ரத்தமும் நிணமும் ஒட்டிக் காய்ந்து புழுத்துவிடும். வெறுந்தோலை வெயில் உலர்த்திவிடும், உடற்சூட்டைத் தணிக்கவும் அது உதவும். தின்று முடித்ததும் தண்ணீர் இருக்கும் இடம் தேடிப் போய்ச் சிறகடித்துக் குளிக்கும். பிறகு வெயிலில் சிறகை அகல விரித்துக்கொண்டு அசையாமல் நிற்கும். தமிழ்நாட்டில் மாயாற்றின் கரையில் நீர்மருது மரத்து உச்சியில் அப்படி நின்றதைத் தொலைநோக்கியில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு இறகையும் அலகால் கோதிச் சரி செய்துகொண்டே இருந்தது. பறவைகளில் இதைப்போலச் சுத்தம் பார்ப்பவை குறைவு.

அது இரையைத் தேடுவது மோப்பத்தால் இல்லை, முழுக்கக் கண்ணால். காலை வெயில் ஏறி, சூடான காற்று மேலெழத் தொடங்கும் வரை மரத்திலேயே காத்திருக்கும். பிறகு அந்தக் காற்றில் ஏறி, சிறகையே அடிக்காமல் மணிக்கணக்கில் வட்டமிடும். கீழே நிலத்தைப் பார்ப்பது ஒரு பக்கம், தூரத்தில் வட்டமிடும் மற்றப் பாறுகள் என்ன செய்கின்றன என்று பார்ப்பது இன்னொரு பக்கம். ஒன்று சட்டென்று இறங்கினால் அடுத்தது அந்தப் பக்கம் திரும்பும், அதைப் பார்த்து அடுத்தது. இப்படித்தான் வெறுமையாய்க் கிடந்த வானத்திலிருந்து கொஞ்ச நேரத்தில் ஐம்பது, நூறு பறவைகள் வந்து இறங்கும். பெருங்கூட்டமாக இருந்தால் ஒரு மாட்டை ஒரு மணி நேரத்துக்குள் எலும்புக்கூடாக்கிவிடும். அதன் வயிற்று அமிலம் அழுகலில் இருக்கும் பெரும்பாலான கிருமிகளைக் கொன்றுவிடும் அளவுக்குக் கடுமையானது. நமக்கும் நாய்க்கும் நோய் தரும் சடலம் அதற்குச் சாப்பாடு.

இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை வயிறு நிறையத் தின்றால் போதும். ஐந்து வயது வாக்கில்தான் இனப்பெருக்கத்துக்குத் தயாராகும். ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை. ஆணும் பெண்ணும் மாறி மாறி ஒன்றரை மாதத்துக்கு மேல் அடைகாக்கும். குஞ்சு கூட்டை விட்டுப் பறக்க மேலும் மூன்று நான்கு மாதம் ஆகும். நிறைய ஆண்டு வாழ்ந்து, குறைவாகப் பெற்று, பெற்றதைக் கண்ணும் கருத்துமாக வளர்க்கும் இனம். இந்த வாழ்க்கை முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு: வளர்ந்த பறவைகள் சாகாமல் இருக்க வேண்டும். கூட்டமாகத் தின்பது, மெதுவாகப் பெருகுவது என்ற இந்த இரண்டு குணங்களை மகள் தன் ப்ராஜெக்டில் அடிக்கோடு போட்டு எழுதட்டும். அடுத்து வரும் கதை முழுக்க இவை இரண்டில்தான் நிற்கிறது.

சரிவை முதலில் கவனித்தவர் விபு பிரகாஷ். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்து ஆய்வாளர். டெல்லியிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் பரத்பூர் கேவலாதேவ் பூங்காவில் 1980களில் அவர் எண்ணியபோது வெண்முதுகுப் பாறுகளின் கூடுகள் முந்நூற்றுக்கும் மேல் இருந்தன. 1990களின் பிற்பாதியில் மறுபடியும் எண்ணினார். கூடுகள் பாதிக்கும் கீழே போயிருந்தன. மரத்தில் உட்கார்ந்த பறவைகள் கழுத்தைத் தொங்கவிட்டபடி நாள்கணக்கில் சோர்ந்து கிடந்தன, பிறகு கீழே விழுந்தன. சில ஆண்டுகளில் கூடே இல்லாமல் போயிற்று. 1992இலிருந்து 2007க்குள் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் 99.9 சதவீதம் குறைந்தன, ஆயிரத்தில் ஒன்றுதான் மிஞ்சியது. கருங்கழுத்துப் பாறும் மெல்லிய அலகுப் பாறும் ஏறத்தாழ 97 சதவீதம் சரிந்தன. ஒரு காலத்தில் கோடிக்கணக்கில் இருந்த பறவை இவ்வளவு வேகமாக வீழ்ந்ததற்கு நவீன காலத்தில் இணை தேடுவது கடினம்.

வைரஸ் என்றார்கள், பூச்சிமருந்து என்றார்கள், உணவுப் பஞ்சம் என்றார்கள். செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு தடவியது போல வெள்ளைப் படிவு இருந்தது. அது யூரிக் அமிலம். சிறுநீரகம் செயலிழந்ததால் வெளியேற வழியில்லாமல் உடம்புக்குள்ளேயே படிந்துவிட்டிருந்தது. ஆனால் சிறுநீரகம் ஏன் செயலிழந்தது? பாகிஸ்தானின் பஞ்சாபில் ஆய்வு செய்த லிண்ட்சே ஓக்ஸ் குழு அதற்கான விடையை 2004இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டது. மாடுகளுக்கு வலிக்கும் வீக்கத்துக்கும் போடும் டைக்ளோஃபினாக் ஊசிதான் காரணம். 1990களில் விலை மலிந்து கிராமக் கடைவரை போய்ச் சேர்ந்த மருந்து அது. மாட்டுக்கு ஒன்றும் செய்யாது, சில நாளில் அதன் உடலை விட்டும் போய்விடும். ஊசி போட்டும் பிழைக்காமல் அந்தச் சில நாளுக்குள் மாடு இறந்து, உடலை வெளியே போட்டால், அதைத் தின்ற பாறு ஓரிரு நாளில் செத்துவிடும்.

‘செத்துப்போகும் மாடு எல்லாவற்றுக்குமா அந்த ஊசி போட்டார்கள்?’ என்று பலரும் கேட்பார்கள். நியாயமான சந்தேகம்தான். நூறு சடலத்தில் ஒன்றுக்கும் குறைவாக அந்த மருந்து இருந்தாலே இந்த வேகச் சரிவுக்குப் போதும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஒரு பாறு ஆண்டுக்கு நூறு தடவைக்கு மேல் சாப்பிடுகிறது. நூறில் ஒன்று நஞ்சு என்றால் அந்த ஒன்று ஒரு ஆண்டுக்குள் அதன் அலகுக்கு வந்துசேர வாய்ப்பு அதிகம். அந்த ஒரே சடலத்தில் ஐம்பது பறவைகள் ஒன்றாகத் தின்கின்றன. இழந்த ஐம்பதை ஈடுகட்ட, ஆண்டுக்கு ஒரு முட்டை இடும் இனத்துக்கு எத்தனை ஆண்டு வேண்டும் என்று மகளே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

பாறுகள் போன பிறகு சடலங்கள் அங்கேயே கிடந்தன. அவற்றைத் தின்று நாய்கள் பெருகின, எலிகள் பெருகின, நீர்நிலைகளில் அழுகல் கலந்தது. நாய்க்கடியும் வெறிநோயும் கூடின. பொருளியல் ஆய்வாளர்கள் எயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் இருவரும் பாறுகள் நிறைய இருந்த மாவட்டங்களையும் முன்பே குறைவாக இருந்த மாவட்டங்களையும் ஒப்பிட்டு 2024இல் வெளியிட்ட ஆய்வு மனத்தை உலுக்குகிறது. 2000 முதல் 2005 வரையான ஆண்டுகளில் பாறுகளின் இழப்பால் இந்தியாவில் கூடுதலாக இறந்த மனிதர்கள் சுமார் ஐந்து லட்சம் என்பது அவர்கள் மதிப்பீடு. பறவையைக் காப்பது பணக்காரப் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களிடம் நான் இந்த எண்ணைத்தான் முதலில் சொல்வேன். நாய்க்கடிக்கு ஊசி போட வழியில்லாமல் செத்தவர்களில் பணக்காரர் யார் இருந்திருப்பார்?

இனி சட்டம். கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் தருவதை இந்தியா 2006இல் தடை செய்தது. காரணம் தெரிந்து இரண்டே ஆண்டில் தடை வந்தது பெரிய விஷயம். ஆனால் மனிதர்களுக்கான அதே மருந்து 30 மில்லி குப்பிகளில் கடையில் தாராளமாகக் கிடைத்தது. மனிதருக்கு ஒரு வேளைக்கு 3 மில்லி போதும். பெரிய குப்பி யாருக்காக என்று எல்லோருக்கும் தெரியும். 2015இல் மனிதர்களுக்கான ஊசிமருந்தை 3 மில்லி ஒற்றைக் குப்பியில் மட்டுமே விற்க வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவிட்டது. மருந்துக் கம்பெனிகள் எதிர்த்து வழக்குப் போட்டன. 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் அரசின் உத்தரவு செல்லும் என்று தீர்ப்பளித்தது. பாறுகளுக்காகச் சொல்லப்பட்ட மிக முக்கியமான தீர்ப்பு அது, சென்னையிலிருந்து வந்தது என்பதில் எனக்குப் பெருமையும் உண்டு. அதற்குள் டைக்ளோஃபினாக்கின் இடத்தை வேறு மருந்துகள் பிடித்துக்கொண்டன. அசிக்ளோஃபினாக் மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடும். கீட்டோபுரோஃபென்னும் பாறைக் கொல்லும் என்று நிரூபணமாகிப் பல ஆண்டு ஆயிற்று. இவை இரண்டையும் கால்நடைக்குத் தடை செய்ய 2023 ஆகிவிட்டது, நிமிசுலைடுக்கு 2024இன் இறுதி. ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாகப் பறவைகள் செத்து, தனித்தனியாக ஆய்வு நடந்து, தனித்தனியாகத் தடை வருகிறது. கால்நடைக்கு ஒரு வலிமருந்தைச் சந்தைக்கு விடும் முன்பே பாறுக்குப் பாதுகாப்பானதா என்று சோதிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். இருபது ஆண்டு அனுபவத்துக்குப் பிறகும் அதைச் செய்யாமலிருப்பது எனக்குப் பெரிய வருத்தம். பாதுகாப்பான மருந்து இல்லாமலில்லை. மெலாக்ஸிகாமும் டால்ஃபெனாமிக் அமிலமும் மாட்டுக்குக் கேட்கும், பாறுக்குக் கெடுதல் செய்யாது.

உங்கள் முழங்கால் மாத்திரையால் பாறுக்கு ஆபத்து இல்லை, டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் தயங்காமல் சாப்பிடுங்கள். நம் உடலை எரிக்கிறோம் அல்லது புதைக்கிறோம், ஆகவே அந்த மருந்து பாறிடம் போகாது. இதில் முக்கியமான விலக்கு பார்சிகள். இறந்தவரின் உடலைப் பறவைகளுக்குப் படைப்பது அவர்கள் வழக்கம். மும்பை மலபார் ஹில்லில் இருக்கும் டூங்கர்வாடிக்குப் பாறுகள் வருவது நின்றபின் அந்தச் சமூகம் பட்ட வேதனை பெரிது. அங்கே பெரிய கூண்டு அமைத்துப் பாறுகளை வளர்க்கலாம் என்று யோசனை வந்தபோது எழுந்த முதல் கேள்வியே, கடைசி நாள்களில் நோயாளிக்கு டைக்ளோஃபினாக் தராமலிருக்க மருத்துவர்களைச் சம்மதிக்க வைக்க முடியுமா என்பதுதான்.

நீங்கள் செய்யக்கூடியது வேறு ஒன்று உண்டு, உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே. துவாரகாவை ஒட்டி ககரோலா, கோய்லா, நங்லி சக்ராவதி என்று பால்பண்ணைக் காலனிகள் இருக்கின்றன. உங்களுக்குப் பால் கொண்டுவருபவர் அந்தக் காலனிகளில் ஒன்றிலிருந்தே வருபவராக இருக்கலாம். மாடு படுத்துவிட்டால் என்ன ஊசி போடுகிறீர்கள் என்று பேச்சுவாக்கில் கேளுங்கள். மெலாக்ஸிகாம் என்ற பெயரை இந்தியில் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். மருந்துக் கடையில் மனிதருக்கான குப்பிகளை மொத்தமாக வாங்கி மாட்டுக்குக் குத்துவதைப் பார்த்தால் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதுங்கள். நாயைக் கொல்லச் சடலத்தில் விஷம் தடவுவதும் பாறுகளைக் கொத்தாகக் கொல்கிறது. 2022இல் அசாமில் அப்படி ஒரே இடத்தில் நூற்றுக்கு நெருக்கமான பாறுகள் மடிந்தன. குடியிருப்பில் தெருநாய்த் தொல்லை என்று யாராவது விஷம் பற்றிப் பேசினால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

திரும்பி வருமா என்ற கேள்வியை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மகள் கேட்பாள். டெல்லிக்கு வடக்கே, ஹரியாணாவின் பிஞ்சோரில் ‘ஜடாயு’ இனப்பெருக்க மையம் இருக்கிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் ஹரியாணா வனத்துறையும் சேர்ந்து நடத்துவது. முதல் முட்டையை எடுத்து இயந்திரத்தில் பொரிக்க வைத்தால் தாய் சில வேளை இரண்டாவது முட்டை இடும். ஆண்டுக்கு ஒன்று என்ற கணக்கை அப்படி இரண்டாக்குகிறார்கள். அங்கே பிறந்த வெண்முதுகுப் பாறுகளை 2020இல் கருவி கட்டி வெளியில் விட்டார்கள். ஆனால் மருந்து போகாத நிலத்தில் கூண்டுப் பறவையை விடுவது ஒன்று, மருந்து இன்னும் புழங்கும் நிலத்தில் விடுவது வேறு. கூண்டைப் பெரிதாக்குவதைவிட மருந்துக் கடையைச் சரிசெய்வதில்தான் இந்தப் பறவையின் எதிர்காலம் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

அதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி உண்டு. முதுமலை, சீகூர், சத்தியமங்கலம் காடுகளை ஊடுருவி ஓடும் மாயாற்றுப் பள்ளத்தாக்கில், வடக்கே எல்லாம் அழிந்த காலத்திலும் ஒரு கூட்டம் தப்பிப் பிழைத்தது. அங்கே அவற்றின் உணவு பெரும்பாலும் புலி அடித்துத் தின்று போட்ட மிச்சமும் காட்டில் தானாகச் சாகும் விலங்கும், ஊசி படாத இறைச்சி. காட்டை ஒட்டிய ஊர்களிலும் மாட்டு மருந்து விஷயத்தில் ‘அருளகம்’ அமைப்பைச் சேர்ந்த பாரதிதாசனும் நண்பர்களும் பல ஆண்டாகக் கால்நடை வைத்திருப்பவர்களிடமும் மருந்துக் கடைகளிலும் போய்ப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். 2023 டிசம்பர் கடைசியில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் ஒரே நேரத்தில் நடத்திய கணக்கெடுப்பில் 320 பாறுகள் தென்பட்டன. அவற்றில் 217 வெண்முதுகுப் பாறுகள். அதே ஆண்டு பிப்ரவரியில் எண்ணிய மொத்தப் பாறுகள் 246. பத்து மாதத்தில் அவ்வளவு குஞ்சு பொரித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது, எண்ணிய இடங்களைப் பொறுத்தும் வித்தியாசம் வரும். ஆனால் குறையவில்லை என்பதே இந்தப் பறவையைப் பொறுத்தவரை நல்ல செய்தி.

மகளுக்கு நேரில் காட்ட ஆசையிருந்தால் டெல்லியிலிருந்து நான் சொல்லும் இடம் ஓர்ச்சா. ஜான்சி வரை ரயிலில் போய், அங்கிருந்து ஆட்டோவில் போய்விடலாம். பேத்வா ஆற்றங்கரையில் இருக்கும் பழைய அரச சமாதிக் கோபுரங்களின் மாடங்களில் கருங்கழுத்துப் பாறு கூடு கட்டுகிறது. குளிர்காலம்தான் கூட்டின் காலம், ஆகவே டிசம்பர் விடுமுறை சரியாக இருக்கும். பிகானேருக்குப் பக்கத்தில் ஜோர்பீட் சடலக்கிடங்குக்குப் போனால் குளிர்காலத்தில் இமயமலைப் பாறு, கரும்பாறு, மஞ்சள்முகப் பாறு என்று பெருங்கூட்டம் பார்க்கலாம். ஆனால் நாற்றம் கடுமையாக இருக்கும், நாய்களும் அதிகம், சிறு பிள்ளையோடு போக நான் பரிந்துரைக்க மாட்டேன். ஊருக்கு வரும்போது மசினகுடியில் ஒரு நாள் தங்கினால் காலை ஒன்பது மணிக்கு மேல், காற்று சூடேறியபின், சீகூர்ப் பக்கம் வானத்தைப் பாருங்கள். ப்ராஜெக்டுக்குப் படம் எடுக்கும்போது கூட்டுக்கு அருகில் போகவே வேண்டாம், தொலைநோக்கியோடு தூரத்திலேயே நின்றுகொள்ளுங்கள். மாமனாரையும் அழைத்துப் போங்கள். அந்தக் கால டெல்லியில் எந்தச் சாலையில், எந்த மரத்தில் கழுகுகளைப் பார்த்தார் என்று அவர் சொல்லச் சொல்ல மகள் எழுதி வைத்துக்கொண்டால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.